மவுசாக்கலை ஆண்டறிக்கை

"நாங்க பில்லியன் தாண்டிட்டோம்" என்றான் கிங்ஸ்லி
பிரட்டுக்களத்தில், விடிந்தும் விடியாத பனியில்.
யார் அந்த நாங்க என்று யாரும் கேட்கவில்லை.
மாட்ரிட்காரன் என்பது அவன் முதுகிலேயே இருக்கிறது:
ஹட்டன் நடைபாதையில் வாங்கிய வெள்ளைச் சட்டை,
மூன்று சலவையில் உரிந்து
ஏழு இப்போது ஒன்று மாதிரி.

ஒரே பருவத்தில் நூறு கோடி யூரோ.
அதுவரை எந்தக் கழகமும் தொடாத தொகை.
யுவேந்திரன் மான்செஸ்டர், சிவப்புப் பக்கம்.
நாலாவது இடமாம்.
அன்று முழுக்கக் கவ்வாத்து மலையில்
கத்தியோடு மட்டும் பேசினான்.
கதை பேசிப் பிந்திய கிங்ஸ்லிக்கு
அரைப் பேர் விழுந்தது.
பில்லியனில் அது ஒட்டவில்லை.

வர்த்தகப் பிரிவில் படித்தவள் என்பதால்
ரைசிங் ஸ்டாரின் கணக்குக் கொப்பி என்னிடம்.
நானும் அந்தப் பட்டியலை இறக்கிப் பார்த்தேன்,
டேட்டா தீரும்வரை.
பெரிய இடத்தில் வருமானத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள்:
வாசல் காசு, ஒளிபரப்புக் காசு, வியாபாரக் காசு.
மொத்தமாகக் கூட்டினால் வாசல்தான் சின்னது.
எண்பதாயிரம் பேர் உட்காருகிற அரங்கம்,
அதுவே அவர்களுக்குச் சில்லறை.
படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி.
எங்களுக்கு வாசலே இல்லை.

மைதானமும் வருஷத்தில் சில மாதம்தான்.
நீர்த்தேக்கம் வற்றினால் அடிமண் வெளியே வரும்.
வெடித்த சேற்றில் சுண்ணாம்புக் கோடு போடுவோம்.
முங்கிப்போன பழைய டவுனின் ஒரு படிக்கட்டு
மூலைக்கொடிக்குப் பக்கத்தில் நிற்கும்,
எங்கும் ஏறாமல்.
மின்சார சபை தண்ணீரை எப்போது விடும்,
எப்போது பிடித்து வைக்கும்,
அதுதான் எங்கள் போட்டி அட்டவணை.
போன வருஷம் அரையிறுதியில் மழை பிடித்தது.
இரண்டாம் பாதியை மீன்கள் ஆடின.

ஒளிபரப்பு உண்டு.
சத்தியசீலியின் ஃபோனில் நேரலை, கை வலிக்கும்வரை.
பார்த்தவர்கள் நாற்பத்தொன்று, பாதி கட்டாரில்.
ஓமானில் வீட்டு வேலைக்குப் போன கிங்ஸ்லியின் அக்கா
துணி மடித்துக்கொண்டே பார்த்தாளாம்,
தம்பி கோலுக்கு ஐயாயிரம் அனுப்பினாள்.
ஆஃப்சைட் என்று பிறகுதான் சொன்னோம்.
வியாபாரத்தில் சலூன் மரியதாஸ்:
பன்னிரண்டு சட்டைக்கும் தருவதாகச் சொன்னவர்
பேரில் ஒரு எழுத்து விட்டுப்போனதால்
ஆறுக்குத்தான் தந்தார்.
செலவில் இரண்டு பந்து.
ஒன்று இப்போது மின்சார சபையின் சொத்து.

சும்மா ஓர் ஆசைக்கு
மாட்ரிட்டின் வருமானத்தை ரூபாயாக்கி
எங்கள் நாட்சம்பளத்தால் வகுத்தேன்,
எத்தனை பேர் வரும் என்று.
எங்கள் கணக்கில் பேர் என்றால் ஆள் இல்லை, நாள்.
கல்குலேட்டர் கொஞ்சம் யோசித்து
நடுவில் ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டது.
இந்த மலையில் இதுவரை வேலை செய்த
அத்தனை பேரின் அத்தனை பேரையும் சேர்த்தாலும்
அந்த எழுத்தைக் கடக்க முடியுமா,
தெரியவில்லை. மூடிவைத்தேன்.

சம்பளத்தன்று சந்தா வாங்கப் போனேன்.
யுவேந்திரன் நூறு தந்தான், நாலாவது இடத்துக்கு ஏற்ற முகத்தோடு.
கிங்ஸ்லி சம்பளத் துண்டை விரித்து
கடைக்கடன், முற்பணம், சங்கச் சந்தா என்று
விரலால் இறங்கி அடியில் நின்றான்.
பிறகு அவனும் நூறு தந்து கேட்டான்:
"நாம எத்தனையாவது இடம்?"

காலையில் நாங்க, மாசக்கடைசியில் நாம.
அந்த நாமுக்குள் நானும் இருந்தேன்,
அதனால் கொப்பியைத் திறந்து காட்டினேன்.
பார்சலோனாவுக்கு இருக்கிற கடன் நமக்கு இல்லை என்றேன்.
"யாரு குடுப்பா?" என்றான்.

கையிருப்பு முந்நூற்று நாற்பது.
தண்ணீர் இன்னும் நாலடி இறங்க வேண்டும்.